பைலட்டா, அப்சர்வரா? பத்து வருஷம் கழிச்சு என்ன?

கடற்படை எஸ்.எஸ்.சி அறிவிப்பு வந்தாலே நம்ம ஹாஸ்டல்ல ஒரு வாரத்துக்கு வேற பேச்சே இருக்காது. எழுத்துத் தேர்வு கிடையாது; ஐந்தாவது செமஸ்டர் வரைக்கும் உள்ள மார்க்கை வைத்தே எஸ்.எஸ்.பி-க்குக் கூப்பிடுவார்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பிலும் பி.இ.யிலும் 60 சதவீதம் இருந்தால் எந்த பிராஞ்ச்காரரும் போடலாம். விண்ணப்பத்துல எந்தப் பிரிவு வேணும்னு வரிசைப்படுத்தச் சொல்ற இடத்துலதான் எல்லாரும் முழிக்கிறோம். என் ரூம்மேட் முதல்ல பைலட், ரெண்டாவது நேவல் ஏர் ஆபரேஷன்ஸ் ஆபீசர்னு போட்டுட்டு, "ஆமா, இந்த ரெண்டாவது என்னடா வேலை?"ன்னு கேட்டான். பழைய பேரு அப்சர்வர்னு சொன்னேன். "வேடிக்கை பாக்குறதா?"ன்னான்.

அன்னிக்கு சிரிச்சிட்டோம். அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், அந்த ஒரு டிக் இருபத்திரண்டு வயசு வேலையை மட்டும் இல்ல, முப்பத்தைந்து வயசு வேலையையும் சேர்த்துத் தீர்மானிக்குது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அரக்கோணத்துக்கே போவோம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளியில்தான் கடற்படையின் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் இருக்கின்றன. அதன் உடம்பு போயிங் 737-800தான். வெளியே இருந்து பார்த்தால் ஜன்னல் குறைந்த பயணிகள் விமானம் மாதிரியே இருக்கும். முன்னால் காக்பிட்டில் இரண்டு பைலட்கள். உள்ளே பயணிகள் சீட் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகத் திரைகள், அவற்றின் முன்னால் அப்சர்வர்களும் சென்சார் ஆபரேட்டர்களும்.

நீர்மூழ்கியைத் தேடுவதுதான் இந்த விமானத்தின் முக்கிய வேலை. அதற்கு சோனோபாய் என்று ஒன்றைக் கடலில் போடுவார்கள். குழாய் வடிவத்தில் இருக்கும். தண்ணீரில் விழுந்ததும் ஹைட்ரோஃபோன் கீழே இறங்கும், ஆன்டெனா மேலே நிற்கும், கேட்ட சத்தத்தை ரேடியோவில் விமானத்துக்கு அனுப்பும். எந்த இடத்தில், எவ்வளவு இடைவெளியில், எத்தனை ஆழத்துக்கு இறக்குவது? வருவது திமிங்கலமா, மீன்பிடிப் படகா, நீர்மூழ்கியின் புரொப்பெல்லரா? ரேடார் என்ன காட்டுகிறது? அடுத்த வட்டம் எந்தப் பக்கம்? இதையெல்லாம் சேர்த்து யோசிப்பவர் அப்சர்வர். பைலட்டுக்கு 'இந்தப் பக்கம் திருப்புங்க' என்று சொல்பவரும் அவரே. மிஷனின் கமாண்டராக அப்சர்வர் இருப்பதும் உண்டு. வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை!

ஈ.சி.இ. படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: சிக்னல் பிராசஸிங் பேப்பரை எதுக்குப் படிக்கிறோம்னு திட்டிட்டே படிச்சோமே, அது உயிரோட ஓடுற இடம் இதுதான்.

சம்பளத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. சப் லெஃப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. சமீப அறிவிப்புகளின்படி மாதம் 31,250 ரூபாய் ஃப்ளையிங் அலவன்ஸ் இரு பிரிவினருக்கும் ஒன்றே. இருவரும் முதலில் எழிமலை அகாடமிக்குத்தான் போவார்கள். அதன்பிறகு பாதை பிரிகிறது. பைலட்டுக்கு அடிப்படைப் பயிற்சி விமானம், பிறகு அவருக்கு ஒதுக்கப்படும் ஸ்ட்ரீம். ஹெலிகாப்டர் என்றால் மறுபடி நம்ம அரக்கோணம், சேத்தக். அப்சர்வருக்கு கொச்சியில் உள்ள அப்சர்வர் ஸ்கூல்.

நுழைவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பைலட்டுக்கு எஸ்.எஸ்.பி.யோடு சி.பி.எஸ்.எஸ். என்ற கணினி வழித் தேர்வு இருக்கிறது. கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கிறதா என்று பார்ப்பது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். கடற்படைக்காகப் போய் அதில் தவறினால் விமானப்படை பைலட் கதவும் சேர்ந்தே மூடிவிடும். அரியர் மாதிரி அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்கிற கதை இங்க கிடையாது. அப்சர்வருக்கு இந்தத் தேர்வு தேவையில்லை.

பெண்களுக்கு இரண்டு பிரிவும் திறந்திருக்கிறது. அப்சர்வர் கதவு முன்பே திறந்துவிட்டது. பைலட் கதவு திறக்க நாளாச்சு. ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் பைலட் ஆனது 2019 டிசம்பரில்தான். போர்க்கப்பலில் இருந்து கிளம்பும் ஹெலிகாப்டர்களுக்கு குமுதினி தியாகி, ரித்தி சிங் என்ற இரண்டு அப்சர்வர்கள் தேர்வானது 2020 செப்டம்பரில்.

இப்போ பத்து வருஷம் கழிச்சு வருவோம்.

எஸ்.எஸ்.சி என்பது 10 வருடம். இரண்டு இரண்டாக மேலும் 4 வருடம் நீட்டிக்கலாம். ஓய்வூதியம் கிடையாது, கிராஜுவிட்டி உண்டு. அதாவது 33, 36 வயசுல, பெரும்பாலும் குழந்தை ஸ்கூல் சேருற நேரத்துல, வெளியே வந்து அடுத்த வேலை தேடணும். ஒரே பி-8ஐ-யில் பறந்த இரண்டு நண்பர்கள் ஒரே நாளில் வெளியே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆகாயத்தில் இருந்திருக்கிறார்கள். டி.ஜி.சி.ஏ. கண்ணில் ஒருவருடைய மணி நேரம் மட்டும்தான் மணி நேரம்.

சிவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல்-க்கு 1500. ராணுவ பைலட்டின் பறத்தல் நேரம் இதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வெளியில் ஃப்ளையிங் ஸ்கூலில் அரைக் கோடிக்கு மேல் செலவழித்துச் சேர்க்கும் மணி நேரம், இவருக்கு அரசு சம்பளம் கொடுத்துச் சேர்த்துத் தந்ததாகிறது. அதுக்காக மறுநாளே போய் இண்டிகோல உட்கார முடியாது. டி.ஜி.சி.ஏ. தேர்வுகள், ரேடியோ லைசென்ஸ், கிளாஸ் 1 மெடிக்கல், அந்தந்த விமானத்துக்கான டைப் ரேட்டிங் எல்லாம் இருக்கு. டைப் ரேட்டிங் செலவும் லட்சங்களில்தான். ஆனாலும் இந்தியாவில் 65 வயது வரை ஏர்லைனில் பறக்கலாம். 34-ல் வெளியே வருபவருக்கு இன்னும் முப்பது வருட வேலை இருக்கிறது.

இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் ஹெலிகாப்டர். ஸ்ட்ரீம் நம்ம இஷ்டம் இல்லை. மெரிட், காலியிடம், படையின் தேவை. கப்பலில் இருந்து பறக்கும் கடற்படைக்கு ஹெலிகாப்டர் பைலட்கள் நிறைய தேவை. அங்கே சேர்ந்த மணி நேரம் ஏர்பஸ் சீட்டுக்கு அப்படியே செல்லாது. ஏரோப்ளேன் லைசென்ஸும் ஹெலிகாப்டர் லைசென்ஸும் தனித்தனி. ஹெலிகாப்டர்காரர்களுக்கு இயல்பான அடுத்த இடம் மும்பை ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பவன் ஹன்ஸ் போன்ற நிறுவனங்கள். கடல் மேல், காற்றில், அசையும் மேடையில் இறங்குவது இவர்களுக்குப் பழகின கை. நல்ல வேலைதான், ஆனா ஏர்லைன் அளவுக்கு இடங்கள் கிடையாது. "பைலட் ஆனா ஏர்லைன் கன்ஃபார்ம்"னு மெஸ்ல பேசுறவங்க இதை யோசிக்கிறதில்லை.

அப்சர்வர் பக்கம் கொஞ்சம் கடினம். ஒரு காலத்தில் பயணிகள் விமானத்திலும் நேவிகேட்டர் என்று ஒருவர் இருந்தார். 1970-களில் இனர்ஷியல் நேவிகேஷன் கருவி வந்ததும் அவருடைய நாற்காலி போய்விட்டது. பின்னாலேயே ஃப்ளைட் இன்ஜினியரின் நாற்காலியும் போனது. அதனால் அப்சர்வர் நேராகப் போய் உட்கார சிவில் காக்பிட்டில் இடமே இல்லை. அவர் பைலட் ஆக விரும்பினால் நம்மைப் போலவே முதல் மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டும், சொந்தக் காசில்.

அதுக்காக வெறுங்கையோட வர்றார்னு இல்லை. ஏர்லைன் ஆபரேஷன்ஸ் கன்ட்ரோல், ஃப்ளைட் டிஸ்பாட்ச் போன்ற வேலைகளுக்கு வானிலையும் வழித்தடமும் தெரிந்த ஆள் பொருத்தம். டிஸ்பாட்சுக்குத் தனி அங்கீகாரம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ரேடார், சோனார், சிமுலேட்டர் செய்யும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு, அந்தத் திரை முன்னால் பத்து வருடம் உட்கார்ந்து 'இந்த பட்டன் இங்க இருக்கக் கூடாது' என்று சொல்லத் தெரிந்தவர் தேவை. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருப்பதால் இது நமக்கு ரொம்ப தூரத்து விஷயமும் இல்லை. அடுத்து ட்ரோன். உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்துவில் 2012 முதல் ஆளில்லா விமானப் பிரிவு இருக்கிறது. அரக்கோணத்திலிருந்து 2020 முதல் எம்.க்யூ-9 பறக்கிறது. கேமராவும் ரேடாரும் காட்டுவதைப் படித்து முடிவெடுக்கும் இந்த வேலை அப்சர்வருக்குப் புதிதல்ல. வெளியே வரும் அதிகாரிகளுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் மூலம் ஐ.ஐ.எம்.களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்பும் உண்டு. அது இரு பிரிவினருக்கும் பொது.

இதுல இன்னொண்ணு. பைலட்டின் மதிப்பு முழுக்க மெடிக்கல் மேல் நிற்கிறது. காதோ இதயமோ ஒரு நாள் 'அன்ஃபிட்' என்றால் அந்த லைசென்ஸ் வெறும் காகிதம். அப்சர்வரின் இரண்டாம் வேலை பெரும்பாலும் தரையில் என்பதால் அந்த அடி அவ்வளவு பலமாக விழாது. பைலட்டுக்குக் கதவு ஒன்று, பெரிய கதவு. அப்சர்வருக்குச் சின்னச் சின்னதாய்ப் பல. எதுவும் தானாகத் திறக்காது. சர்வீஸில் இருக்கும்போதே எம்.டெக்கோ, ஏதாவது சான்றிதழோ சேர்த்து வைக்காமல் வெளியே வருபவர் சிரமப்படுவார் என்பது என் கணிப்பு.

என்னைக் கேட்டா, ஓட்டணும்கிற ஆசை நிஜமா இருக்கிறவங்க பைலட்டை முதல்ல போடுங்க, ஆனா ஹெலிகாப்டர் கிடைச்சாலும் சந்தோஷமா ஓட்டுவேனான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. ஏர்லைனுக்குக் குறுக்குவழியா மட்டும் நினைச்சுப் போடாதீங்க. பத்து வருஷம் குறுக்குவழி இல்லை. சிஸ்டம், சென்சார், திட்டமிடல் பிடிக்கும்னா அப்சர்வரை இரண்டாவது இடத்தில் ஒப்புக்கு எழுதாமல் முதலிலேயே எழுதலாம். தகுதி, வயது, கண் பார்வை அளவுகள் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். அசல் அறிவிப்பைப் படிச்சிட்டு போடுங்க.

நான் அப்சர்வரை முதலில் போட்டிருக்கிறேன். ரூம்மேட் இன்னும் பைலட்தான்.