மைக்கை அழுத்தத் தயங்கும் விமானிகள்

பக்கவாட்டுக் காற்றிலும் ஏர்பஸ்ஸைப் பூப்போலத் தரையிறக்குவார்கள். கட்டுப்பாட்டு அறையுடன் பேசச் சொன்னால் மட்டும் தொண்டை வறண்டுவிடும். கணினியில் விமானம் ஓட்டுவோரில் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2002 பதிப்பிலேயே பேசும் கட்டுப்பாட்டாளர் வந்துவிட்டார். திரையில் தெரியும் பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும், உங்களுக்காகக் கணினியே பேசிவிடும். சௌகரியம்தான். ஆனால் கிளிக் செய்யக் காது தேவையில்லையே!

காதுக்கு வேலை வைப்பது வாட்சிம். 2001இல் தொடங்கிய இந்த இணைய வலையமைப்பில் மறுமுனையில் இருப்பவர் மனிதர். பயிற்சி பெற்று, தேர்வெழுதி, சம்பளமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆர்வலர். பறக்கும் முன் அவர் தரும் அனுமதியில் சேருமிடம், பாதை, முதலில் ஏற வேண்டிய உயரம், நான்கு இலக்க டிரான்ஸ்பாண்டர் எண் எல்லாம் மூச்சுவிடாமல் வரும். காகிதமும் பேனாவும் இல்லாமல் உட்காராதீர்கள். அந்த எண்ணில் 8, 9 வராது. அப்படிக் காதில் விழுந்தால் தப்பாகக் கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஓகே' செல்லாது. இதைச் சடங்கென்று அலுத்துக்கொள்பவர்கள் 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப்பில் நடந்ததைப் படிக்க வேண்டும். பனிமூட்டம். கேஎல்எம் விமானி புறப்பாட்டுக்கான அனுமதி இல்லாமலே ஓடத் தொடங்கினார். துணை விமானி ரேடியோவில் சொன்னது தெளிவாக இல்லை. கோபுரம் 'ஓகே' என்றது. தொடர்ந்து கோபுரம் காத்திருக்கச் சொன்னதும், ஓடுபாதையிலிருந்த பான் ஆம் விமானத்தின் குரலும் ஒரே நேரத்தில் அலைவரிசையில் மோதி இரைச்சலாயின. இரு ஜம்போக்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

வாட்சிமில் யாரும் சாகப்போவதில்லை. ஆனாலும் விளையாட்டுதானே என்று டிரான்ஸ்பாண்டரில் 7500 எண்ணைப் போட முடியாது. அது விமானக் கடத்தலுக்கான குறி, அங்கே தடைசெய்யப்பட்டது. எஞ்சினில் தீ என்று அவசரநிலை அறிவிக்கலாம். கட்டுப்பாட்டாளர் வேண்டாமென்றால் கைவிட வேண்டும், இல்லையேல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். பத்து விமானங்களை வரிசைகட்டி இறக்கிக்கொண்டிருப்பவரிடம் நம் நாடகத்துக்கு நேரம் இருக்காது. இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

புதியவர்கள் கூட்டமில்லாத விமான நிலையமாகப் பார்த்து, ஓடுபாதையில் அல்லாமல் நிறுத்துமிடத்தில் இணைந்து, கொஞ்ச நேரம் மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். புரியாவிட்டால் 'சே அகெய்ன்' என்று கேட்கலாம். புதியவர் என்பதையும் சொல்லிவிடலாம். பெரும்பாலும் குரலின் வேகம் உடனே குறையும். பேசவே வராதென்றால் தட்டச்சு செய்யவும் அனுமதி உண்டு.