பிரசவ அறையில் மொழியும் மரியாதையும்

இலங்கையில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. கர்ப்பிணியின் வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவமாதும் இலவச மருத்துவ சேவையும் தாய் மரணங்களைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. ஆனால், உயிர் காப்பது மட்டுமே நல்ல பராமரிப்பு ஆகிவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவகால வழிகாட்டல், தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பது, மரியாதையான நடத்தை, தெளிவான தொடர்பாடல் ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறது.

தோட்டத்துப் பெண்ணொருவர் தன் வலியைத் தமிழில் சொல்லும்போது, அதைப் புரிந்துகொள்ள விடுதியில் எவரும் இல்லையெனில் ஆபத்தின் அறிகுறிகூடத் தவறிப் போகலாம். விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் இடும் கையொப்பம் சம்மதமும் ஆகாது.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை பிரசவ அறைக்குள்ளும் நடைமுறைக்கு வரவேண்டும்.