அலுவலக அஞ்சல், சொந்த ஃபோன்: செயலித் தேர்வின் அரசியல்

அலுவலக மின்னஞ்சலைக் கைபேசியில் படிக்க எந்தச் செயலி நல்லது என்பதைத் தொழில்நுட்பக் கேள்வியாகவே நாம் பார்த்துவருகிறோம். அது அடிப்படையில் அதிகாரம் பற்றிய கேள்வி. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முதலாளியின் கண்காணிப்புக்கு ஓர் எல்லை உண்டு: கேட். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் டீக்கடையில் சங்கம் பேசலாம். இன்று அதே பேட்டையில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் நிறுவனங்கள் நிற்கின்றன. ‘உங்க ஃபோன்லயே ஆபீஸ் மெயிலப் போட்டுக்கங்க’ என்கிறார்கள். கேட் எங்கே இருக்கிறது என்பதே இப்போது கேள்வி.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அலுவலகக் கணக்கின் கடிதங்கள் நிறுவனத்தின் சர்வரில் கிடக்கின்றன. எந்தச் செயலியில் படித்தாலும் நிர்வாகம் அவற்றைத் திறந்து பார்க்க முடியும். ஆகவே நாம் காப்பாற்ற வேண்டியது ஃபோனை.

எக்ஸ்சேஞ்ச் வகைக் கணக்கைச் சேர்க்கும்போது சில செயலிகள் ‘சாதன நிர்வாகி’ அனுமதி கேட்கும். ‘சரி’ என்று தட்டிவிட்டால் தொலைவிலிருந்தே ஃபோனை முழுவதுமாக அழிக்கும் அதிகாரம் அலுவலகத்துக்குப் போய்விடும்: குழந்தையின் படம், சங்கத் தோழர்களின் எண்கள், பாதி எழுதிய கட்டுரை, எல்லாம். ஆண்ட்ராய்டில் ‘பணிச் சுயவிவரம்’ என்ற தனி அறை உண்டு. சொந்த ஃபோனில் அதை அமைத்தால் அலுவலகத்தின் கை அந்த அறையோடு நிற்கும். உங்கள் பக்கத்துப் படங்களையோ செய்திகளையோ அது பார்க்க முடியாது.

அடுத்து, கடவுச்சொல் யார் கையில் போகிறது? 2015இல் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் செயலி, பயனரின் கடவுச்சொல்லைத் தன் மேகக் கணினிகளில் வைத்துக்கொள்கிறது என்பதால் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதைத் தடுத்தது. மாறாக, கே-9 மெயிலிலிருந்து வளர்ந்து 2024இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு தண்டர்பேர்டும் ஃபேர்இமெயிலும் இடைத்தரகர் இல்லாமல் நேராக சர்வரோடு பேசுகின்றன. இரண்டின் மூலநிரலும் பொதுவில் இருக்கிறது. அலுவலகம் ஐமேப் வழியைத் திறந்துவைத்திருந்தால் இவை போதும். திறக்காவிட்டால் உலாவியிலேயே படித்துவிட்டு வெளியேறுவது உத்தமம்.

‘அப்ப புரோட்டான் போட்டுக்கலாமே’ என்பார்கள். உங்கள் சொந்த முகவரிக்கு அது பொருந்தும். அலுவலகம் தன் சர்வரில் தந்த முகவரிக்கு உதவாது. அந்தச் சேவைக்கு இங்கே நேர்ந்ததும் கவனத்துக்குரியது. 2024 பிப்ரவரியில் சென்னையின் 13 பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் அஞ்சல்கள் வந்தன. உடனே தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையின் பேரில் புரோட்டான் மெயிலையே முடக்கும் பேச்சு எழுந்தது. மிரட்டியவனைத் தேடுவதற்குப் பதில், ஒட்டிய உறையில் எழுதுகிற எல்லாருமே சந்தேகத்துக்குரியவர்களாகிறார்கள்.

சட்டம் கைகொடுக்குமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த நோக்கங்களுக்கும் முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதலின்றியே அவர் தரவுகளைக் கையாளலாம் என்று 7ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஒப்புதல் என்ற சொல் தொழிற்சாலை வாசலில் செருப்பைப்போல விடப்படுகிறது.

எனவே தனிமனிதத் தேர்வு பாதிதான். அலுவலகத் தேவைக்கு அலுவலகமே ஃபோன் தரட்டும் என்பதைச் சங்கத்தின் கோரிக்கையாக வைக்க வேண்டும். அதுவரை அலுவலகக் கணக்குக்குத் தனி அறை, நிர்வாகி அனுமதிக்கு மறுப்பு. சங்க வேலை, எழுத்து வேலை எதையும் அந்த முகவரியில் பேசாதிருப்பது எந்தச் செயலியையும்விடப் பெரிய காப்பு.