ஒரே கடை, நான்கு முகவரி

சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் தொழில். ஈரோட்டில் போர்வை விற்கும் வாடிக்கையாளர் ஒருவரின் விசிட்டிங் கார்டில் முகவரி மூன்று டபிள்யூவோடு இருக்கும். கட்டைப்பையில் டபிள்யூ இருக்காது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் வேறுபாட்டையும் சேர்த்தால் ஒரு கடைக்கு நான்கு முகவரி. நமக்கு எல்லாம் ஒன்றுதான். பிரவுசருக்கு நான்கும் வெவ்வேறு.

ஒருவர் டபிள்யூவோடு உள்ளே வந்து இரண்டு போர்வைகளைக் கூடையில் போடுகிறார். அடுத்துத் தொட்ட இணைப்பு டபிள்யூ இல்லாத முகவரிக்குப் போகிறது. கூடை காலி! கூடையை நினைவில் வைத்திருக்கும் குக்கி, பெரும்பாலும் எந்தப் பெயரில் உருவானதோ அந்தப் பெயருக்கு மட்டுமே போகும். மறுபடி தேடிப் போட எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'கெனானிகல்' என்ற குறியைக் கொண்டுவந்தன. ஒரே பக்கம் பல முகவரிகளில் கிடைத்தால் எது அசல் என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. நல்லதுதான், ஆனால் கூடையைக் காப்பாற்றாது. அதற்கு சர்வரில்தான் கைவைக்க வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும், எந்தப் பெயரைத் தேடி வந்தேன் என்பதையும் பிரவுசர் சொல்லிவிடும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் 'சர்வர்நேம்' என்ற வரியில் முதன்மைப் பெயரையும், 'சர்வர்அலியாஸ்' வரியில் மற்றவற்றையும் எழுதலாம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது சர்வர் எல்லாப் பெயருக்கும் பதில் சொல்லும், பெயர்கள் ஒன்றாகிவிடாது. மற்ற பெயர்களுக்குத் தனிப் பகுதி எழுதி, 301 என்ற நிரந்தரத் திருப்பலைக் கொடுக்க வேண்டும். பிரவுசர்கள் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், 302 என்ற தற்காலிகத் திருப்பலில் சோதித்துவிட்டு மாற்றுவதே என் வழக்கம். ஒரு போர்வையின் பக்கத்தைக் கேட்டு வந்தவரை அதே பக்கத்துக்கு அனுப்புங்கள், முகப்பில் கொண்டுபோய் விடாதீர்கள்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் பொது அமைப்புகளில் தள முகவரிக்கென்று இரண்டு பெட்டிகள் உண்டு. அங்கே டபிள்யூ இல்லாமல் இருந்து, சர்வரோ டபிள்யூ பக்கம் தள்ளினால், இரண்டும் மாறி மாறித் தள்ளி, கடைசியில் பிரவுசர் கைவிட்டுவிடும்.

பாதுகாப்புச் சான்றிதழை மறக்கவே கூடாது. எச்டிடிபிஎஸ்ஸில் முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்குப் பிறகுதான் திருப்பல். திருப்பிவிட மட்டுமே வைத்திருக்கும் பெயரும் சான்றிதழில் இல்லையென்றால், வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படுவது எச்சரிக்கைதான். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழிலேயே பல பெயர்களைச் சேர்க்கலாம்.

டபிள்யூ வேண்டுமா, வேண்டாமா? இரண்டும் சரியே. எது அதிகமாக அச்சாகியிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடையின் பெயரை மாற்றினாலும் பழைய டொமைனை ஆண்டுதோறும் புதுப்பித்துவிடுங்கள். விட்டால் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம்.