மணமும் மயக்கமும்: கஞ்சாவின் தேர்ப்பீன்கள் பற்றிய ஒரு நோக்கு

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அன்றிப் பூவும் சாந்தும் தந்த மணந்தானா என்பது தமிழிலக்கிய மரபு நன்கறிந்த வழக்கு. குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சூழ்ந்தெழுந்த இறையனார் - நக்கீரர் கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. மணம் பொருளுக்கு உரிய பண்பா, நாம் பொருள்மீது ஏற்றியுரைக்கும் பண்பா என்ற வினா அவ்வழக்கினுள் அடங்கியுள்ளது. கஞ்சாச் செடியின் மணப்பொருள்களாகிய தேர்ப்பீன்கள் குறித்து அண்மைக் காலத்தில் எழுந்துள்ள விவாதம் இதே வினாவை ஆய்வுகூடத்திலும் சந்தையிலும் மீண்டும் எழுப்பியுள்ளது. அதனை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலிருந்து செட்டியார் தெருவினூடாகப் புறக்கோட்டைக்கு நடந்து செல்வோர் ஆய்வுகூடம் எதுவும் புகாமலே இப்பொருள்களிற் பலவற்றை மூக்கால் அறிந்துகொள்கின்றனர். மிளகும் கராம்பும் மல்லியும் கறுவாவும் அடுக்கிய கடைகள், நாட்டு மருந்துச் சரக்குகள் விற்கும் கேபோஸ் லேன், தோடம்பழமும் மாம்பழமும் குவித்த தள்ளுவண்டிகள் ஆகியவற்றின் மணங்களுக்கும் கஞ்சாவின் மணத்துக்கும் இடையே இரசாயன உறவு உண்டு. கஞ்சாவுக்கு மட்டுமே உரியவை எனக் கூறத்தக்க தேர்ப்பீன்கள் அரிது என்பதை நாம் முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

ஐந்து காபன் அணுக்களைக் கொண்ட ஐசோப்பிரீன் அலகுகள் இணைந்து உருவாகும் சேர்வைகளே தேர்ப்பீன்கள். இரண்டு அலகுகள் இணையின் பத்துக் காபன்களையுடைய ஒற்றைத் தேர்ப்பீனும், மூன்று இணையின் பதினைந்து காபன்களையுடைய செஸ்குவித் தேர்ப்பீனும் தோன்றுகின்றன. இத்துறையில் அடிப்படை ஆய்வுகளை நிகழ்த்திய ஜெர்மானியரான ஒட்டோ வலாக் 1910இல் நோபல் பரிசு பெற்றார். பெண் கஞ்சாச் செடியின் பூங்கொத்துகளை மூடியுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களிலேயே தேர்ப்பீன்கள் உருவாகின்றன. பூச்சிகளையும் நோய்க்கிருமிகளையும் எதிர்கொள்ள இவை செடிக்கு உதவுகின்றன. மயக்கந்தரும் ரி.எச்.சி. என்ற பொருளும் அதே சுரப்பியில் உருவாவதேயாகும். மெக்கூலமும் காவோனியும் 1964இல் அதனைத் தூய வடிவிற் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். அப்பொருளுக்கோ மணமில்லை. மணம் வேறு, மயக்கம் வேறு என்ற இந்த இரசாயன உண்மையே பின்வரும் விவாதத்தின் தொடக்கப் புள்ளியாகும்.

கஞ்சாவில் மிகுதியாகக் காணப்படும் தேர்ப்பீன்கள் சிலவற்றை நோக்குவோம். மண்ணும் மூலிகையும் கலந்தாற்போன்ற மணமுடைய மேர்சீன், மாம்பழத்திலும் பியர் வடிப்புக்குப் பயன்படும் ஹொப்ஸ் பூவிலும் உள்ளது. லிமொனீன் தோடம்பழத் தோலின் மணம். பைனீன் ஊசியிலை மரங்களின் பிசின் மணம். லினலோல் லவெண்டரிலும் கொத்தமல்லி விதையிலும் மிகுந்துள்ளது. கரியோபிலீன் மிளகிலும் கராம்பிலும் உள்ள காரமணத்துக்குக் காரணமானவற்றுள் ஒன்று. எனினும் கஞ்சாவின் மணம் முழுவதும் தேர்ப்பீன்களால் ஆயதன்று. அதன் மூக்கைத் துளைக்கும் நெடிக்கு மிகச் சிறிய அளவிலுள்ள கந்தகச் சேர்வைகளே முக்கிய காரணம் என 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இனி விளைவுகளுக்கு வருவோம். மேர்சீன் உறக்கம் தரும், லிமொனீன் உளமகிழ்வு தரும், பைனீன் நினைவைத் தெளிவாக்கும், லினலோல் பதற்றம் தணிக்கும் என்ற பட்டியல் இன்று விற்பனை உலகில் வேதவாக்காக வழங்குகின்றது. ரி.எச்.சி.யும் தேர்ப்பீன்களும் ஒன்றையொன்று துணைசெய்து இயங்குகின்றன என்ற "பரிவார விளைவு"க் கருத்து இதன் அடித்தளமாகும். இச்சொல் 1998இல் உடலிலேயே தோன்றும் சில சேர்வைகளைக் குறித்தே ஆளப்பட்டது. அதனைத் தேர்ப்பீன்களுக்கு விரித்துரைத்தது ஈத்தன் ரூசோ 2011இல் எழுதிய கட்டுரையாகும்.

சான்றுகள் எம்மட்டில் உள்ளன? கரியோபிலீன் உடலின் சிபி2 ஏற்பியுடன் நேரடியாகப் பிணைகின்றது என 2008இல் நிறுவப்பட்டது. மயக்கத்தோடு தொடர்புடையது சிபி1 ஏற்பியே. சிபி2 பெரிதும் அழற்சியோடு தொடர்புடையது. பொதுவான பிற தேர்ப்பீன்கள் இவ்வேற்பிகளில் ரி.எச்.சி.யின் செயலை மாற்றவில்லை என 2019இலும் 2020இலும் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் கண்டனர். மேர்சீனின் உறக்கமூட்டும் ஆற்றல் பற்றிய கூற்று, எலிகளுக்கு மிகப் பெரிய அளவில் கொடுத்துச் செய்யப்பட்ட சோதனைகளையே பெரிதும் சார்ந்துள்ளது. மறுபுறம், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஆவியாக்கிய லிமொனீன் ரி.எச்.சி. தோற்றுவிக்கும் பதற்றத்தை ஓரளவு குறைத்தது. அதிற் பங்குகொண்டோர் இருபதின்மரே. ஆகவே, பரிவார விளைவை முற்றாக மறுப்பதும் முற்றாக ஏற்பதும் பொருந்தா. சில சேர்வைகள், சில அளவுகளில், சில விளைவுகளைத் தரக்கூடும் என்பதே இன்றைய நிலை. மணமுடையது மருந்தே என எண்ணித் தேர்ப்பீன்களை மிகை வெப்பத்தில் உள்ளிழுப்பதும் ஏற்கத்தக்கதன்று. அவ்வெப்பத்தில் அவை சிதைந்து பென்சீன் போன்ற நச்சுப் பொருள்களைத் தருகின்றன.

அவ்வாறாயின் உறுதிப்படாத பட்டியல் இத்துணை உறுதியுடன் பரவியது எங்ஙனம்? நெதர்லாந்திற் பயிரான கஞ்சா வகைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை பகர்கின்றது. "இண்டிகா", "சற்றைவா" என விற்பனையில் வழங்கும் பெயர்கள் செடிகளின் பரம்பரையலகு உறவைச் சுட்டவில்லை. ஒருசில தேர்ப்பீன்களின் அளவையே ஓரளவு ஒட்டியிருந்தன. அதாவது, மணத்தை நோக்கிப் பெயரிட்டனர். பின்னர் பெயரே குணமாகக் கொள்ளப்பட்டது. மனித உழைப்பும் தெரிவும் உருவாக்கிய வேறுபாடு பண்டத்தின் இயற்கைக் குணம்போற் தோன்றும் இந்நிலையை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்ற கருத்தால் விளக்கியுள்ளார்.

நறுமணம் பண்டமாகும் வரலாறு இந்நாட்டுக்குப் புதியதன்று. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி கறுவாவைத் தன் ஏகபோகமாக்கியது. அதனைக் களவில் விற்போர்க்கு மரணதண்டனை வரை விதிக்கப்பட்டது. பட்டை உரித்த சலாகம மக்களோ கட்டாய ஊழியத்துக்கு உட்பட்டிருந்தனர். அவ்வேகபோகம் பிரித்தானியர் காலத்தில் 1833இலேயே நீங்கியது. கஞ்சாவின் கதை வேறு வழியாகச் சென்றது. 1893-94இல் இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழு முழுத்தடையைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் 1925இன் ஜெனீவா உடன்படிக்கை இச்செடியைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது; இலங்கையில் 1929இன் கட்டளைச்சட்டம் தொடர்ந்தது. சுதேச வைத்தியர்க்கு மட்டும் மருந்துத் தேவைக்காகக் குறுகிய வழியொன்று விடப்பட்டது.

அவ்வழியின் இயல்பு தேர்ப்பீன்களை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும். நீதிமன்றங்களிற் சான்றுப்பொருளாக ஆண்டுக்கணக்கிற் கிடந்த கஞ்சாவே மருந்துக்கு வழங்கப்பட்டு வந்தது. அது தன் ஆற்றலை இழந்திருந்ததாகச் சுகாதாரத் தரப்பே 2017இல் ஒப்புக்கொண்டது. தேர்ப்பீன்கள் எளிதில் ஆவியாவன. ரி.எச்.சி.யும் காலப்போக்கிற் சிதைவது. ஆகவே வைத்தியரின் உரலுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் மணமிழந்த சருகேயாகும். இதற்கு மாறாக, 2025இல் ஏற்றுமதிக்கென மட்டும் கஞ்சாவைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அரசு அனுமதி வழங்கியது. புதிய மலர் அயல்நாட்டுச் சந்தைக்கு. பழைய சருகு நாட்டு வைத்தியனுக்கு. சிறை வறிய நுகர்வோனுக்கு என்ற பங்கீட்டை இங்கு காண்கின்றோம்.

கஞ்சா தீங்கற்றது என நாம் வாதிடவில்லை. இளம் வயதினர்க்கும் உளநோய்க்கு ஆளாகக்கூடியோர்க்கும் அது விளைக்கும் கேடு நன்கறியப்பட்டதே. மணத்தைப் பற்றிய அறிவு விளம்பரக்காரரின் பட்டியலாகவும், செடியைப் பற்றிய முடிவு முதலீட்டாளரின் கணக்காகவும் சுருங்கிவிடலாகாது என்பதே எமது வாதம். சுதேச வைத்திய மருந்துகளில் இச்சேர்வைகள் எவ்வளவு உள்ளன, எவ்வாறு செயற்படுகின்றன என்பதை நம் பல்கலைக்கழகங்களின் இரசாயனத் துறைகளும் சித்த, ஆயுர்வேத நிறுவனங்களும் கூட்டாக ஆராய்ந்து, முடிவுகளை மக்கள் மொழிகளில் வெளியிடுதல் வேண்டும். குற்றம் கண்டவிடத்து நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாது கூறிய நக்கீரர் மரபைப் போற்றும் நாம், விற்பனைச் சீட்டு ஒன்றைக் கண்டு வாய்மூடியிருப்பது பொருந்துமா?