பிள்ளை எழுத்தைத் திருப்பி எழுதினால்…

சுரக்குடியிலிருந்தும் அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளோடு மருத்துவரைக் காண வரும் பெற்றோர் சிலர், பள்ளி நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டுவருவதுண்டு. அதில் 3 என்னும் எண் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். ‘பேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, வயிற்றை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ‘டி’ ஆகியிருக்கும். “பிள்ளையின் மூளையில் ஏதேனும் குறையோ?” என்பதே அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி.

இவ்வயதில் இது பெரும்பாலும் குறையன்று. எழுதக் கற்கும் வழியில் பிள்ளைகள் கடந்து செல்லும் ஒரு படி. ஆனால் அதற்காகப் பிள்ளையைத் திட்டுவதும் அடிப்பதும் உண்மையான தீங்காக முடியக்கூடும்.

ஏன் திருப்பி எழுதுகின்றனர்?

பசு இடப்பக்கம் நோக்கி நின்றாலும் வலப்பக்கம் நோக்கி நின்றாலும் பசுவே. நாற்காலியை எப்பக்கம் திருப்பினாலும் அது நாற்காலியே. பிறந்தது முதல் குழந்தையின் மூளை இவ்வாறே பொருள்களை அடையாளம் கண்டு பழகியிருக்கிறது. எழுத்து மட்டும் இவ்விதிக்கு உட்படுவதில்லை. திசை மாறினால் அது வேறோர் எழுத்தாகிவிடுகிறது, அல்லது எழுத்தாகவே இல்லாமற்போகிறது. வாசலில் இடும் கோலத்தில் இரு பக்கமும் ஒத்திருப்பது அழகு. நோட்டுப் புத்தகத்தில் அதுவே பிழை. இவ்வேறுபாட்டைக் குழந்தை புதிதாகக் கற்றாக வேண்டும்.

முகங்களையும் பொருள்களையும் அறியும் மூளைப் பகுதியின் ஒரு கூறே, படிக்கக் கற்கும்போது எழுத்துகளை அறியும் பணிக்கு மாறுகிறது என்று பிரான்சு நாட்டு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் விளக்கியுள்ளார். பழைய பழக்கத்தைக் கைவிட மூளைக்குக் காலம் வேண்டும். 3, 7 போன்று இடப்பக்கம் நோக்கும் வடிவங்களையே பிள்ளைகள் மிகுதியாகத் திருப்புகின்றனர். இடமிருந்து வலமாக எழுதப் பழகும் கை, எல்லாவற்றையும் வலப்பக்கம் நோக்கித் திருப்பிவிடுகிறது.

தமிழில் மற்றொரு சிக்கல்

‘கே’ என்று சொல்லும்போது ககர ஒலியே முதலில் எழுகிறது; எழுதும்போதோ இரட்டைக்கொம்பை முதலில் இட வேண்டும். ‘கோ’ என்பதில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் நிற்கின்றன. ஆகவே ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பை அதன் வலப்பக்கம் இடும் பிள்ளை, தான் கேட்ட ஒலியின் வரிசையைப் பின்பற்றுகிறது. கவனமின்மை என்று அதைக் கருதலாகாது. “கொம்பு முதலில், எழுத்து பிறகு” என்று சொல்லிக்கொண்டே எழுதப் பழக்கினால் நாளடைவில் சரியாகும்.

இது டிஸ்லெக்சியாவா?

2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதோடு, எழுத்து திரும்பினாலே அக்குறைபாடுதான் என்னும் எண்ணமும் பரவியது. 1925இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் அவ்வாறு கருத இடமளிக்கும் விளக்கத்தை முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை. ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் உள்ளது. அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எனவே எழுத்தின் திசையை விட, கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

• ஏழு, எட்டு வயதுக்குப் பின்னும் எழுத்துகள் அடிக்கடி திரும்புதல்.
• ‘பட்டம்’ போன்ற சொல்லை ஒலி ஒலியாகப் பிரிக்க இயலாமை. குறில் நெடில் வேறுபாட்டைத் தொடர்ந்து தவறவிடுதல்.
• நேற்றுப் படித்த எளிய சொல்லை இன்று அறியாமை. எழுத்துக்கூட்டிப் படிக்க மிகவும் திணறுதல்.
• பேச்சு தாமதமாக வந்தமை. குடும்பத்தில் பிறருக்கும் வாசிப்பில் இடர்ப்பாடு இருந்தமை.

இவற்றில் சில சேர்ந்து காணப்பட்டால் குழந்தைநல மருத்துவரை அணுகுங்கள். முதலில் பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட வேண்டும். நன்றாக எழுதிவந்த பிள்ளை திடீரெனத் தடுமாறினாலோ, உடன் தலைவலியோ வாந்தியோ இருந்தாலோ காலம் தாழ்த்தாமல் வர வேண்டும்.

கற்றல் குறைபாடு உறுதியானால் மனந்தளர வேண்டா. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை ஏற்றுள்ளது. முறையான சான்றிதழ் பெற்ற மாணவர் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம். சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்தகைய பிள்ளைகளுக்காகவும் ஆசிரியர் பயிற்சிக்காகவும் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

விசயதசமியன்று பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் வழக்கத்தை ஒரு நாளோடு நிறுத்திவிட வேண்டா. தட்டில் பரப்பிய அரிசியிலும், காரைக்கால் கடற்கரை மணலிலும் விரலால் பெரிதாக எழுதி, அதன் ஒலியையும் உரக்கச் சொல்லட்டும். ஒத்த வடிவுள்ள இரண்டு எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். ஒன்று நன்கு பதிந்தபின் மற்றதைத் தொடங்குங்கள். வரியின் இடப்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தொடங்கும் இடத்தைக் காட்டுங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயலாதீர்கள். இடக்கைப் பழக்கம் நோயன்று.

பிழையான எழுத்தை நூறு முறை எழுதச் சொல்வதால், பிள்ளை எழுத்தை வெறுக்கக் கற்கும். “இந்த எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது, சொல்லு கண்ணு?” என்று கேட்டால், அது தானே நின்று பார்க்கும், தானே திருத்தும். திரும்பிய எழுத்து காலப்போக்கில் நேராகிவிடும். அச்சத்தால் படிப்பை விட்டு விலகிய மனத்தைத் திரும்ப அழைத்துவருவது அத்தனை எளிதன்று.