குழாய்க்கு வயதாகிவிட்டது

2024-ஆம் வருஷம் தை மாதத்தில் என்னுடைய லேசர் வெட்டும் இயந்திரத்தை விற்றேன். இதிலே எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். "பழைய கிரைண்டரை விற்கவில்லையா, அது மாதிரிதானே!" என்றாள் என் மனைவியும். விற்றது பெரிய விஷயமில்லை. விற்பதற்கு முன்பு இரண்டு நாட்கள் நான் பட்ட பாடுதான் விஷயம்.

நான் 1989-இல் அம்பாசமுத்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். தாதரில் ஒரு கடையில் பிரஷ் பிடித்துப் போர்டு எழுத ஆரம்பித்தேன். பிறகு ஸ்டிக்கர் வெட்டினேன். பிறகு சயானில் சொந்தமாக ஒரு சின்னக் கடை. 2016-இல் கையிருப்பு, சீட்டுப் பணம், மைத்துனரிடம் கைமாற்று எல்லாம் சேர்த்து இந்த இயந்திரத்தை வாங்கினேன். 60 வாட், சீனத் தயாரிப்பு, மூன்றடிக்கு இரண்டடி மேஜை. சங்க ஆண்டு விழாக்களில் மேடையில் கொடுக்கும் கேடயங்களில் சில இதில் வெட்டியவைதான். இப்போது எனக்கு முழங்கால் வலி. பையனுக்கோ இந்தத் தொழிலில் நாட்டமில்லை. கடையைக் காலி செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராத அன்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெட்டி, மோட்டார், கண்ணாடிகள், லென்ஸ் எல்லாம் இருந்தாலும் அதன் உயிர் பின்பக்கம் கிடக்கும் ஒரு கண்ணாடிக் குழாயில்தான் இருக்கிறது. அதற்குள்ளே கரியமிலவாயு, நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்து அடைக்கப்பட்டிருக்கும். பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்போது நைட்ரஜன் அந்தச் சக்தியை வாங்கிக் கரியமிலவாயுவிடம் கொடுக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே வந்து, அக்ரிலிக்கையும் மரத்தையும் கத்தியில்லாமல் அறுக்கிறது. 1964-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கரியமிலவாயு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் படேல். அவர் பிறந்தது நம்முடைய மகாராஷ்டிரத்துப் பாராமதியில், படித்தது பூனா இன்ஜினீயரிங் கல்லூரியில். கடைக்கு வந்த வாடிக்கையாளர்களிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்தக் குழாய்க்கு வயதாகும். கரியமிலவாயு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து போகிறது, ஹீலியம் கசிந்து போகிறது. எரியாமல் சும்மா கிடந்தாலும் வயதாகும். 2020-இல் ஊரடங்கின்போது கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்து பார்த்தால் கதிரில் பழைய வலுவில்லை. லென்ஸைத் துடைத்தேன், கண்ணாடிகளை நேராக்கினேன், பயனில்லை. 2021-இல் புதுக் குழாய் போட்டேன். அதற்கும் மூன்று வருஷமாகப் போகிறது.

எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சதவீத சக்தி, எவ்வளவு வேகம் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். 2021-இல் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்குக்கு 60 சதவீதம், வேகம் 10. விற்கும்போது அதே அக்ரிலிக்குக்கு 85 சதவீதம், வேகம் 5. ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் வந்தவர் பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கும் வியாபாரி. 60,000 தருவதாகச் சொன்னார். நான் மறுக்கவும், போகிற போக்கில் ஒரு யோசனையும் சொன்னார்: ஆட்களுக்கு ஓட்டிக் காட்டும்போது மின்னோட்டத்தை ஏற்றி வையுங்கள், நன்றாக வெட்டும், யாருக்குத் தெரியப்போகிறது! உண்மைதான். அளவுக்கு மீறி மின்னோட்டம் கொடுத்தால் கொஞ்ச நாள் கதிர் வலுவாக வரும். அதே வேகத்தில் குழாயும் சாகும். அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் செய்ததும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

அடுத்து வந்தது தாராவியிலிருந்து ஓர் இளம் தம்பதி. பையனின் தகப்பனார் நாங்குநேரிப் பக்கத்துக்காரராம். பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவிதான். ஹிந்தியும் நெல்லைத் தமிழும் கலந்து பேசினான். நான் 3 மில்லி அக்ரிலிக்கில் அந்தப் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுத்தேன். இருவருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, அஞ்சு எம்எம் வெட்டுமா?"

"வெட்டும், தம்பி."

பொய் இல்லை. வெட்டத்தான் செய்யும். எத்தனை நேரத்தில் என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. 95,000 என்று பேசி முடித்து, ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். கிளம்பும்போது, "இவ வளையலை வச்சுத்தான் மிச்சத்தைப் புரட்டணும்" என்றான் சாதாரணமாக.

அன்று ராத்திரி தூக்கமில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டுமா? பழைய சாமான் வாங்குகிறவன் விசாரித்து வாங்க வேண்டாமா? நான் என்ன தரும சத்திரமா நடத்துகிறேன்? எல்லாச் சமாதானமும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மனைவியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. 2016-இல் நம் வீட்டிலும் வளையல் பாங்க்குக்குப் போய் வந்தது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவர்களை வரச் சொன்னேன். நோட்டை எடுத்து இரண்டு பக்கங்களையும் காட்டினேன். 5 மில்லி துண்டைப் பழைய கணக்கில் ஓட்டினேன். பாதி ஆழம்கூட இறங்கவில்லை. புதுக் கணக்கில் ஓட்டினேன். மெதுவாக ஊர்ந்து, விளிம்பு கருகி, தட்டினால்தான் விழுந்தது. பையன் பேசாமல் நின்றான். அந்தப் பெண்தான் கேட்டாள்:

"இதை முந்தாநாளே ஏன் சொல்லலை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றேன். இருவரும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்கள். புதுக் குழாய் என்ன விலை என்று கேட்டார்கள். 22,000 என்றேன். அதைக் கழித்து 73,000 தருகிறோம், பழைய குழாய் ஓடுகிற வரை ஓடட்டும், போகும்போது நீங்களே வந்து மாட்டிக் கொடுக்க வேண்டும் என்றாள். கெட்டிக்காரப் பெண். ஒப்புக்கொண்டேன்.

இயந்திரத்தை எடுத்துப் போனது தனிக் கதை. தண்ணீரை வடித்து, குழாயைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றித் தனியாகக் கொண்டுபோனோம். மாட்டிய நிலையிலேயே டெம்போவில் ஏற்றினால் சயானிலிருந்து தாராவி போகும் முன்பே விரிசல் கண்டுவிடும். அவர்கள் சந்தில் பெட்டி நுழையவில்லை. கதவையும் நிலையையும் பெயர்த்த பிறகுதான் உள்ளே போயிற்று. தூய்மையாக்கப்பட்ட தண்ணீரையே ஊற்று, சன்போர்டை மட்டும் வைத்துவிடாதே, அது பிவிசி, குளோரின் புகை உன் நெஞ்சையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம், நல்ல மழை நாளில் போன் வந்தது. "அண்ணாச்சி, குழாய் போயிட்டு."

முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏணி மாதிரி இருந்தது. இயந்திரத்தின் மேல் பள்ளிக்கூடப் பெயர் அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பிளக்கைப் பிடுங்கிச் சற்று நேரம் காத்திருந்து பழையதைக் கழற்றினோம். வயரைச் சுற்றிச் சிலிகான் பூசிக் காயவிட்டு, தண்ணீரில் குமிழி இல்லாமல் பார்த்து, கண்ணாடிகளை நேராக்கி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீரை ரொம்பக் குளிர வைக்காதே, குழாயின் மேல் ஈரம் கோத்து மின்சாரம் தாவும் என்று எச்சரித்தேன்.

பையன் 5 மில்லி துண்டை வைத்து 60 சதவீதம், வேகம் 10 என்று அழுத்தினான். வெட்டிய வட்டம் தானாகக் கீழே விழுந்தது. அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு எழுதிக்கொண்டாள்.